நான்கு சிபியூவுக்குப் பணம், ஒன்றில் வேலை: ஓபன்பிஎஸ்டி சர்வர் சரியான கதை

எங்கள் பழைய இதழ்த் தொகுப்பு ஓடும் சர்வர் இப்போது ஒழுங்காக மூச்சு விடுகிறது. பக்கத்தைத் தட்டினால் அரை நொடிக்குள் படம் வருகிறது, இரவு வேலைகள் விடிவதற்கு முன்பே முடிகின்றன. இடையில் தோண்டியதை எல்லாம் மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை வாடகை மெய்நிகர் கணினியில் ஓட்டுகிற யாருக்கும், நான்கு சிபியூவுக்குப் பணம் கட்டியும் ஒன்றில் மட்டும் வேலை நடக்கிற இந்தச் சிக்கல் வரலாம்.

முதலில் அமைப்பு. ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த கேவிஎம் மெய்நிகர் கணினி. ஓபன்பிஎஸ்டி 7.6, அதனுடனே வரும் இணையச் சேவை நிரலான எச்டிடிபிடி, அதன் பின்னால் பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கிடைத்த பழைய இதழ்களை நண்பர்கள் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 300 டிபிஐயில் ஏ4 அளவு, அதாவது 2480 × 3508 புள்ளிகள். வாசகர் திரைக்கு இது மிகப் பெரியது என்பதால் பிஎச்பியின் ஜிடி நூலகம் படத்தைக் கேட்ட அகலத்துக்குச் சுருக்கிக் கொடுக்கும். ஜிடி ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்துக்கொள்கிறது. ஆக ஒரு பக்கத்தைத் திறந்தாலே நினைவகத்தில் சுமார் 35 எம்பி போய்விடும், அதைச் சுருக்குவது முழுக்க முழுக்க சிபியூவின் வேலை.

தொடங்கும்போது ஒரே ஒரு விசிபியூ (மெய்நிகர் சிபியூ), 2 ஜிபி நினைவகம், மாதம் 700 ரூபாய். வாசகர்கள் கூடியதும் பக்கங்கள் திணறின. ஹோஸ்டிங் பலகையில் திட்டத்தை மாற்றி 4 விசிபியூ, 8 ஜிபி என்று ஏற்றினோம். மாதம் 2,100 ரூபாய். ரீபூட் ஆகி வந்த சர்வரில் நினைவகம் 8 ஜிபி என்று சரியாகவே காட்டியது. வேகம் மட்டும் பழையபடியே. ஸ்கேன் பொறுப்பைப் பார்க்கும் தம்பி, "அண்ணே, படம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்று செய்தி போட்டான்.

உள்ளே போய் அப்டைம் பார்த்தேன். சுமை சராசரி, அதாவது சிபியூவில் ஓடும், ஓடக் காத்திருக்கும் செயல்களின் சராசரி எண்ணிக்கை, 6-க்கு மேல் நின்றது. ஓடும் செயல்களைக் காட்டும் டாப் திறந்தால் யூசர் (நிரல்களின் வேலை) 93%, சிஸ்டம் (இயங்குதளத்தின் வேலை) 6%, ஐடில் (சும்மா இருப்பது) பூஜ்யம். கீழே ஐந்து பிஎச்பி-எஃப்பிஎம் செயல்கள், ஒவ்வொன்றும் 18, 19 சதவீதம்.

விடை அந்தத் திரையிலேயே இருந்தது. ஐந்தையும் கூட்டினால் 95-க்குள்தான் வருகிறது. நான்கு சிபியூ உள்ள இயந்திரத்தில் ஐந்து செயல்கள் முட்டிமோதினால் கூட்டுத்தொகை 400-ஐ நெருங்க வேண்டும். அதோடு நிலை நிரலில் எந்த நேரத்திலும் ஒன்றுதான் 'ஆன்ப்ராக்', அதாவது சிபியூவில் ஓடிக்கொண்டிருப்பது, என்று இருந்தது, மற்றவை எல்லாம் 'ரன்', அதாவது ஓடத் தயாராகக் காத்திருப்பவை. ஓபன்பிஎஸ்டி டாப்பில் பல சிபியூ கர்னல் (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடினால் நிலைக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு எந்த சிபியூ என்ற எண்ணும் வரும். இங்கே எண்ணே இல்லை. டாப் திரையில் இனி நான் முதலில் பார்க்கிற இடம் அந்த நிரல்தான். ஆனால் அன்று என் கண் போனது சுமை சராசரியின் மேல்.

சுமை அதிகம், செயல்கள் ஐந்துதான், ஆகவே கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன என்று எண்ணி, எஃப்பிஎம் அமைப்பில் செயல்களின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ்_சில்ட்ரன் மதிப்பை இயல்பான 5-லிருந்து 12 ஆக்கிப் பார்த்தேன். ஆர்சிசிடிஎல் கட்டளை கொண்டு சேவையை மறுதொடக்கம் செய்ததும் நிலைமை மோசமானது. ஒரே பக்கத்தைக் கட்டளை வரியிலிருந்து டைம் போட்டு இறக்கினால் முன்பு 4 நொடி, இப்போது 9 நொடி. சிபியூ ஒன்றுதான் என்றால் அதில் பன்னிரண்டு பேரை மாற்றி மாற்றி உட்கார வைப்பதால் எல்லாருடைய வேலையும் தாமதமாகத்தான் முடியும். மதிப்பை 5-க்கே திருப்பினேன்.

அடுத்து சந்தேகம் அண்டை வீட்டார் மேல் போனது. வாடகைக் கணினியில் ஒரே வன்பொருளைப் பலர் பங்கிடுகிறோம், யாரோ நம் பங்கை எடுத்துக்கொள்கிறார்களோ? லினக்ஸில் என்றால் டாப் வரியில் 'ஸ்டீல்' என்று அதற்கே ஒரு எண் உண்டு. ஓபன்பிஎஸ்டி டாப்பில் அது கிடையாது. எனவே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று தேவைப்பட்டது.

அதற்கு, கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் எஸ்எச்ஏ256 கட்டளையே போதும். டி என்ற கொடி போட்டால் அது கோப்பு எதையும் படிக்காமல் உள்ளேயே ஒரு வேகச் சோதனை ஓட்டும், டி-யை அடுக்கினால் சோதனை நீளும். வட்டு, வலை எதுவும் குறுக்கே வராத சுத்தமான சிபியூ வேலை. இணையச் சேவையை நிறுத்திவிட்டு, டைம் சேர்த்து ஒன்றை மட்டும் ஓட்டினேன். ரியல் (கடிகார நேரம்) 11 நொடி, யூசர் (சிபியூ உழைத்த நேரம்) 11 நொடி. பிறகு நான்கை ஒரே நேரத்தில் பின்னணியில் ஓட்டினேன். நான்குக்கும் யூசர் நேரம் அதே 11 நொடி. ரியல் மட்டும் 44 நொடிக்கு அருகில்.

அண்டை வீட்டார் திருடியிருந்தால், தனியாக ஓட்டும்போதும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்திருக்கும். இங்கே தனி ஓட்டம் அசையாமல் 11-லேயே நிற்கிறது, நான்கு சேர்ந்தால் கச்சிதமாக நான்கு மடங்கு. நான்கு பேர் ஒரே ஜன்னலில் வரிசை நிற்கிறார்கள், மற்ற மூன்று ஜன்னல்கள் திறக்கவே இல்லை. கருவி எதுவும் நிறுவாமல் ஐந்து நிமிடத்தில் கிடைத்த இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதன் பிறகுதான் கர்னலின் மதிப்புகளைக் காட்டும் சிஸ்சிடிஎல் கட்டளையின் பக்கம் போனேன். எச்டபிள்யூ பிரிவில் சிபியூ எண்ணிக்கை பற்றி மூன்று மதிப்புகள் உண்டு. என்சிபியூஃபவுண்ட் என்பது வன்பொருளில் கண்டுபிடித்தவை, என்சிபியூ என்பது கர்னல் சேர்த்துக்கொண்டவை, என்சிபியூஆன்லைன் என்பது இப்போது வேலைக்கு இறங்கியிருப்பவை. என் சர்வரில் ஃபவுண்ட் 4, மற்ற இரண்டும் 1. ஓடும் கர்னலின் பெயரைச் சொல்லும் யூநேம் கட்டளையை வி கொடியோடு கொடுத்தால் 'ஜெனரிக்' என்று வந்தது. 'ஜெனரிக்.எம்பி' என்று வந்திருக்க வேண்டும் (இங்கே எம்பி என்பது மல்டிபிராசசர், அதாவது பல செயலி). கணினி எழும்போது வரும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் சிபியூ0 மட்டும் பூட் செயலி என்று இருக்க, அதற்குக் கீழே "சிபியூ அட் மெயின்பஸ்0: நாட் கான்ஃபிகர்ட்" என்று மூன்று வரிகள்.

காரணம் இதுதான். ஓபன்பிஎஸ்டியில் கர்னல் இரண்டு வகை. ஒற்றைச் செயலிக்கு பிஎஸ்டி, பல செயலிகளுக்கு பிஎஸ்டி.எம்பி. 2004-இல் வந்த 3.6 பதிப்பில் ஐ386, ஏஎம்டி64 ஆகிய இரண்டு செயலி வகைகளுக்கும் பல செயலி ஆதரவு சேர்ந்தது, அன்றிலிருந்து இன்றுவரை இரண்டும் தனித்தனிக் கோப்புகள். நிறுவும் நிரல் அந்த ஃபவுண்ட் மதிப்பைப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் எம்பி கர்னலை வைக்கும். இது ஒற்றைச் செயலிக் கர்னல் சிபியூக்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும், அதற்குத் தேவையற்ற பூட்டு வேலைகள் இல்லாமல் இலகுவாக ஓடட்டும் என்பதற்காக. நான் நிறுவிய அன்று கணினியில் இருந்தது ஒரே விசிபியூ, நிரலின் முடிவு சரியானதே. பிறகு திட்டத்தை மாற்றியபோது ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) மூன்று சிபியூக்களைக் கூடுதலாகக் கொடுத்தது. ஓடும் கர்னலுக்கோ அவற்றை எழுப்பத் தெரியாது. நினைவகம் எந்தக் கர்னலிலும் கூடும் என்பதால், திட்ட மாற்றம் முழுதாக நடந்துவிட்டது போலவே தெரிந்தது.

லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு இது மனதில் தோன்றவே தோன்றாது. அங்கேயும் ஒரு காலத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், பல செயலிகளுக்கென எஸ்எம்பி என்று பெயரிட்ட தனிக் கர்னல் தொகுப்புகள் இருந்தன. இன்று எல்லாம் ஒரே கர்னல், அது தானாகவே எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் கர்னலை யாரும் சந்தேகிப்பதில்லை.

சரி, எம்பி கர்னலை எப்படி வைப்பது? உள்ளதைத் தள்ளிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கும் பழைய வழியை நான் எடுக்கவில்லை. 6.2 பதிப்பிலிருந்து ஓபன்பிஎஸ்டி கணினி எழும் ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்கான கர்னலை வரிசை கலைத்துப் புதிதாக இணைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு கணினியின் கர்னலும் தனி அமைப்பில் இருக்கட்டும் என்று. அதற்கு முன் தற்போதைய கர்னலின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண், தான் எழுதி வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். கையால் கோப்பை மாற்றினால் கணக்கு ஒத்துப்போகாது, அந்த மறு இணைப்பு நின்றுவிடும். கணினி ஓடும், ஆனால் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு சத்தமில்லாமல் போயிருக்கும்.

அதனால் முதலில் ஒரு வெள்ளோட்டம். 7.6-இன் பிஎஸ்டி.எம்பி கோப்பையும் அதைச் சரிபார்க்கக் கையொப்பமிட்ட எஸ்எச்ஏ256.சிக் கோப்பையும் இறக்கினேன். கணினியிலேயே இருக்கும் 7.6 பொதுச் சாவியை வைத்து சிக்னிஃபை கட்டளையால் சரிபார்த்தேன், 'ஓகே' என்று வந்தது. கோப்பை மூலக் கோப்புறையில், பழைய கர்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஹோஸ்டிங் பலகையின் இணையக் கன்சோலைத் திறந்து ரீபூட் செய்து, பூட் கேட்பு வந்ததும் 'பூட் பிஎஸ்டி.எம்பி' என்று தட்டினேன். அந்தக் கேட்பு ஐந்து நொடிதான் நிற்கும், கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரீபூட் கொடுக்க வேண்டும். புதிய கர்னல் எழாமலே போனால் இன்னொரு ரீபூட்டில் பழைய கர்னலே திரும்ப வந்துவிடும் என்பது இந்த வழியில் உள்ள நிம்மதி.

வந்தது. யூநேமில் எம்பி. ஃபவுண்ட் 4, என்சிபியூ 4. ஆனால் ஆன்லைன் 2.

இது நான் எதிர்பார்க்காதது. டிமெசேஜில் ஒவ்வொரு சிபியூவுக்கும் எஸ்எம்டி, கோர், பேக்கேஜ் என்று மூன்று எண்கள் கொண்ட ஒரு வரி இருக்கும். சிபியூ0-க்கு எஸ்எம்டி 0, கோர் 0. சிபியூ1-க்கு எஸ்எம்டி 1, கோர் 0. சிபியூ2, 3 அதே மாதிரி கோர் 1-இல். அதாவது ஹோஸ்டிங்காரர் 4 விசிபியூ என்று விற்பது இரண்டு கோர், கோருக்கு இரண்டு இழை. ஒரே கோர் இரண்டு சிபியூ போல வேலை செய்யும் இந்த ஏற்பாடுதான் எஸ்எம்டி. 2018-இல் ஒரே கோரின் இரண்டு இழைகள் கேஷையும் (சிபியூவுக்குள் இருக்கும் சிறு நினைவகம்) டிஎல்பியையும் (நினைவக முகவரிகளுக்கான கேஷ்) பங்கிடுவதால் ஒன்றின் ரகசியத்தை மற்றொன்று மோப்பம் பிடிக்க முடியும் என்று அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. டிஎல்பிளீட், ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல்கள் எல்லாம் அந்த ஆண்டுதான். அந்த ஆண்டே ஓபன்பிஎஸ்டி, இரண்டாம் இழைகளை இயல்பாக அணைத்து வைக்கத் தொடங்கிவிட்டது. 6.4 பதிப்பிலிருந்து அப்படித்தான். எச்டபிள்யூ.எஸ்எம்டி என்ற மதிப்பை 1 ஆக்கினால் ரீபூட் இல்லாமலே அவை எழும்.

எழுப்பினால் எவ்வளவு லாபம் என்று அளந்தேன். 400 ஸ்கேன் பக்கங்களை 1,000 புள்ளி அகலத்துக்குச் சுருக்கும் ஒரு சிறு பிஎச்பி நிரல். ஒரு பட்டியலை வேலைகளாகப் பிரித்து ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில், ஒரே நேரத்தில் எத்தனை என்று சொல்லும் பி கொடி கொடுத்து நான்கு நான்காக ஓட்டினேன். பழைய ஒற்றைக் கர்னலில் 6 நிமிடம் 40 நொடி. எம்பி கர்னலில் இரண்டு கோர்களோடு 3 நிமிடம் 28 நொடி. எஸ்எம்டியை எழுப்பி நான்கு இழைகளோடு 2 நிமிடம் 44 நொடி. இரண்டாவது கோர் நேரத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்குகிறது. அதற்கு மேல் இரண்டு இழைகள் கொடுப்பது 44 நொடி மட்டுமே.

எஸ்எம்டியை அணைத்தே விட்டேன். யார் யாரோ பங்கிடும் வன்பொருளில், இரவில் ஓடும் ஒரு தொகுதி வேலைக்கு 44 நொடி மிச்சப்படுத்த அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை. நான்கையும் தனிக் கோராகக் காட்டச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. காட்டினாலும் அடியில் இருப்பவை அதே இழைகளாகத்தான் இருக்கலாம். கர்னலின் கண்ணிலிருந்து மறைப்பதால் ஆபத்து குறையாது.

வெள்ளோட்டம் நம்பிக்கை தந்ததும் நிரந்தர ஏற்பாடு. 7.7 ஏற்கெனவே வந்திருந்தது, எப்படியும் மேம்படுத்த வேண்டியதுதான். சிஸ்அப்கிரேட் கட்டளை எம்பி கர்னல் உட்பட எல்லாக் கோப்புகளையும் இறக்கி, ரீபூட் செய்து, நிறுவும் நிரலையே ஆளில்லாமல் ஓட்டுகிறது. அந்த நிரல் மறுபடி ஃபவுண்ட் மதிப்பைப் பார்க்கும். நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு வந்த மேம்படுத்தல் அஞ்சலில் "மல்டிபிராசசர் மெஷின், யூசிங் பிஎஸ்டி.எம்பி இன்ஸ்டெட் ஆஃப் பிஎஸ்டி" என்ற வரி இருந்தது. சரிபார்ப்பு எண் கணக்கு, மறு இணைப்பு எல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. இதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது: திட்டத்தை மாற்றிய பிறகு ஒருமுறை மேம்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. எங்கள் திட்ட மாற்றம் இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் விழுந்தது.

இப்போது டாப்பில் 'ஸ்பின்' என்ற எண்ணையும் கவனிக்க வேண்டியதாயிற்று. ஒரு சிபியூ கர்னல் பூட்டைப் பிடித்திருக்கும்போது மற்றொன்று அதற்காகச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் நேரம் அது. ஓபன்பிஎஸ்டி கர்னலில் பெரும் பூட்டை ஒவ்வொரு பகுதியாக எடுத்து வருகிறார்கள், இன்னும் முழுக்கப் போகவில்லை. படம் சுருக்குவது பயனர் பக்க வேலை என்பதால் ஸ்பின் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை தொகுப்புக் கோப்பு செய்யும் இரண்டு டார் செயல்கள் ஒரே நேரத்தில் கட்டியபோது அது இரட்டை இலக்கத்துக்குப் போனது. காப்புப் பிரதி வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டுகிறேன், இணையாக ஓட்டி லாபமில்லை.

இதோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு கோர்களும் மாலை நேரங்களில் 80 சதவீதத்தில் நின்றது உறுத்தியது. இவ்வளவு வேலை எங்கிருந்து வருகிறது? ஓடிக்கொண்டிருந்த ஒரு எஃப்பிஎம் செயலின் எண்ணைக் கொடுத்து, அது கர்னலிடம் கேட்பதை எல்லாம் பதிவு செய்யும் கேட்ரேஸ் ஓட்டினேன். அரை நிமிடம் கழித்து பெரிய சி கொடியால் நிறுத்தி, அந்தப் பதிவைப் படித்துக் காட்டும் கேடம்ப் வெளியீட்டில் கோப்புப் பெயர்கள் வரும் 'நேமி' வரிகளை மட்டும் வடிகட்டினேன். கேட்ரேஸை நிறுத்த மறக்கக்கூடாது, பதிவுக் கோப்பு வேகமாக வட்டை நிரப்பும்.

அந்த வரிகளில் ஒரே ஸ்கேன் கோப்பு மறுபடி மறுபடி திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. எச்டிடிபிடியின் அணுகல் லாகில் சார்ட், யூனிக் போட்டு எண்ணியதும் படம் தெளிவானது. பிரபலமான சில இதழ்களின் அட்டைப்படத்தை ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். போதாததற்கு ஒரு தேடுபொறித் தானியங்கி, அகல மதிப்பை மாற்றி மாற்றி ஒரே பக்கத்தைக் கேட்கிறது. எந்த எண்ணைக் கேட்டாலும் நிரல் சளைக்காமல் சுருக்கித் தந்துகொண்டிருந்தது.

நிரலில் இரண்டு மாற்றம் போதுமானது. அகலம் 400, 1000, 1600 என்ற மூன்று மட்டும், வேறு எண் வந்தால் அடுத்த பெரிய அளவு. ஒருமுறை சுருக்கியதை கேஷ் கோப்புறையில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே நேராகக் கொடுப்பது. பிஎச்பி இங்கே சிஎச்ரூட்டுக்குள் (ஒரு கோப்புறைக்கு வெளியே எதையும் பார்க்க முடியாத அடைப்பு) ஓடுவதால் அந்தக் கோப்புறை வார்-டபிள்யூடபிள்யூடபிள்யூ பாதைக்குள் இருக்க வேண்டும், டபிள்யூடபிள்யூடபிள்யூ பயனருக்கு எழுத உரிமை வேண்டும். புது இதழ் ஏறும் இரவே மூன்று அளவுகளையும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக முன்கூட்டியே செய்துவிடுகிறோம். எக்ஸ்ஆர்க்ஸில் இப்போது பி மதிப்பு 2, கோர் எண்ணிக்கைக்குச் சமமாக.

மாலை நேர யூசர் சதவீதம் 10-க்குக் கீழே வந்துவிட்டது. சுமை சராசரி ஒன்றைத் தொடுவதே அரிது. நேர்மையாகச் சொன்னால் பகல் வேலைக்கு இப்போது ஒரு கோரே போதும். இந்த கேஷை முதலில் செய்திருந்தால் திட்டத்தை ஏற்றவேண்டிய அவசியமே வந்திருக்காது. இரவுத் தொகுதிக்குத்தான் இரண்டாவது கோர் உண்மையில் பயன்படுகிறது.

அப்புறம் செலவு. மாதம் 1,400 ரூபாய் கூடுதலாகப் போகிறதே, நடுவில் இருக்கும் 2 விசிபியூ திட்டத்துக்கு இறங்கலாமா என்று பார்த்தேன். இறங்குவதற்கு முன், மணிக்கணக்கில் கட்டணம் பிடிக்கும் ஒரு சோதனைக் கணினியை அந்தத் திட்டத்தில் எடுத்து ஓபன்பிஎஸ்டியை நிறுவினேன். இருபது ரூபாய்கூட ஆகவில்லை. நிறுவும் நிரல் இரண்டைக் கண்டு எம்பி கர்னலை வைத்தது. ஆனால் டிமெசேஜில் சிபியூ1-க்கு எஸ்எம்டி 1, கோர் 0. ஆன்லைன் 1. அதாவது அந்தத் திட்டத்தில் இரண்டாவது விசிபியூவுக்குப் பணம் கட்டினால் எஸ்எம்டி அணைந்த ஓபன்பிஎஸ்டிக்கு அது கிடைக்கவே கிடைக்காது. பூட்டுகளின் சுமையோடு கூடிய எம்பி கர்னல், வேலை செய்ய ஒரே கோர். அந்தச் சோதனைக் கணினியைக் கலைத்துவிட்டேன்.

ஆகவே தேங்கிக் கிடக்கும் ஸ்கேன்கள் ஏறி முடியும்வரை 4 விசிபியூ திட்டத்திலேயே இருக்கிறோம். முடிந்ததும் நேராக 1 விசிபியூவுக்கு இறங்கிவிடுவோம். அன்று கர்னல் எம்பியாகவே நிற்கும். அதனால் சேதம் எதுவும் இல்லை, அடுத்த சிஸ்அப்கிரேட் ஒற்றைக் கர்னலை வைத்துவிடும்.

அடுத்த முறை சர்வர் நிறுவும்போது, எவ்வளவு சிறிய திட்டமாக இருந்தாலும் வாங்கிய அன்றே எஸ்எச்ஏ256 சோதனையை ஒன்றாகவும் நான்காகவும் ஓட்டி ரியல், யூசர் எண்களை ஒரு கோப்பில் எழுதி வைப்பேன். பின்னால் எதை மாற்றினாலும் ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். எட்சி கோப்புறையில் உள்ள, தினமும் ஓடும் டெய்லி.லோக்கல் கோப்பில் இப்போதே சில வரிகள் சேர்த்திருக்கிறேன். ஃபவுண்ட் ஒன்றுக்கு மேல் இருந்து யூநேமில் எம்பி இல்லையென்றால் ஒரு எச்சரிக்கையை அச்சிடும். தினசரி வேலை ஓடியதும் அது ரூட் அஞ்சலுக்கு வந்துவிடும். ரூட் அஞ்சலை என் சொந்த முகவரிக்குத் திருப்பும் வரியை மெயில் மாற்றுப்பெயர்க் கோப்பில் போட்டு, அது நடைமுறைக்கு வர நியூஅலையசஸ் கட்டளையை ஓட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் அந்த எச்சரிக்கை சர்வருக்குள்ளேயே கிடக்கும்.